உளுவை ஓடுகிறமாதிரி ஓடவேண்டும்: தூண்டில் கேள்வி-பதில்

அண்ணை, கனடாவில் இருந்து வந்த சித்தப்பா ஒரு டப்பி நிறைய ஸ்கல்பின் ஃப்ளை (மீன் மாதிரித் தெரிய முடியும் இறகும் வைத்துக் கட்டிய தூண்டில்) தந்துவிட்டுப் போனார். ட்ரவுட் என்கிற குளிர்த்தண்ணீர் மீனுக்கென்று கட்டியதாம். இரணைமடுக் குளத்தில் போட்டால் ஏதும் பிடிபடுமா? (கிளிநொச்சி)

பிடிபடும் தம்பி. ஸ்கல்பின் என்பது குளிர்நாட்டு ஆறு, ஏரிகளின் அடியில் கிடக்கிற சின்ன மீன். தட்டையான பெரிய தலை, விசிறிபோல விரிந்த பக்கச் செட்டை, மெலிந்த வால். அதற்குக் காற்றுப்பை இல்லை. அதனால் மிதந்து நிற்காது, கல்லோடு ஒட்டிக் கிடந்து, பயந்தால் ஒரு முழம் ஓடி மறுபடி அடியில் படுத்துவிடும். இதை வாசிக்கும்போதே உங்களுக்கு நம்முடைய உளுவை ஞாபகம் வந்திருக்கும். விரால் உளுவையை விடாது.

இழுக்கும் விதம்தான் முக்கியம். நான் பழகிய காலத்தில் ஒரு மாதம் முழுக்க நிறுத்தாமல் இழுத்தேன், ஒரு விரால்கூடத் தொடவில்லை. பிறகு ஒருநாள் துருசடியில் தெளிந்த தண்ணீரில் உளுவை ஓடுவதை அரைமணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன். ஓட்டம் கொஞ்சம், கிடப்பு அதிகம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஃப்ளை அடியில் தட்டட்டும், நாலைந்து அங்குலம் இரண்டு தரம் இழுங்கள், பிறகு மூன்று எண்ணும்வரை விடுங்கள். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் எடுக்கும். எடுத்ததும் தடியை மேலே தூக்காதீர்கள். லைனைக் கையால் நேராக இழுத்துக் கொழுவுங்கள்.

இடம் என்றால், குளக்கட்டின் உட்பக்கக் கல்லடுக்கும் அலைகரையில் பட்டுநிற்கிற மரங்களின் அடியும். விராலுக்குப் பல் இருக்கிறது. நுனியில் ஒரு சாண் தடித்த தங்கூசி போடுங்கள்.

ஊர் மல்லாவி, இப்போது ஸ்காபரோவில். ஒன்ராறியோ ஏரிக்கரையில் பிரவுண் ட்ரவுட்டுக்கு ஸ்கல்பின் போடுகிறேன். லைன் மிதக்கிறதா தாழ்கிறதா நல்லது? (கனடா)

ஏரியில் தாழ்கிற லைன். ஆற்றில் நீரோட்டம் ஃப்ளையை ஆட்டிக் கொடுக்கும், ஏரியில் அந்த வேலையும் உங்களுடையதுதான். மிதக்கிற லைனில் ஒவ்வொரு இழுவைக்கும் ஃப்ளை மேலே எழும்பும். அடியில் வாழ்கிற மீன் அப்படி எழும்பாது, ட்ரவுட்டுக்கு அது தெரியும். லீடரை (லைனையும் ஃப்ளையையும் இணைக்கிற மெல்லிய நூல்) மூன்று நாலு அடிக்குமேல் விடாதீர்கள், நீளம் கூடினால் லைன் தாழ்ந்தும் ஃப்ளை தாழாது. தாழும் வேகத்தில் மூன்றாம் தர லைன் விநாடிக்கு ஏறக்குறைய 3 அங்குலம் தாழும். 10 அடி ஆழத்துக்கு 40 எண்ணுங்கள். கல்லில் மாட்டினால் அடுத்த வீச்சுக்கு 35. பொழுதுபடும் நேரம், விடியற்புறம், ஆழம் சட்டென்று இறங்குகிற விளிம்பு: இவற்றை விடாதீர்கள்.

இன்னொரு விசயம், உங்களுக்குச் சந்தோசமாக இருக்கும். 1990-இல் வட அமெரிக்கப் பேரேரிகளில் ஒரு வந்தேறி மீனைக் கண்டார்கள். கருங்கடல், காஸ்பியன் பக்கத்தில் இருந்து கப்பல்கள் நிலையாக நிற்க அடியில் ஏற்றுகிற நிறைநீரோடு வந்தது. உருண்டைத்தலை கோபி என்பார்கள். நம் உளுவையின் குடும்பம்தான். இப்போது ஒன்ராறியோ ஏரி ட்ரவுட்டுக்கு அதுவும் இரை. உங்கள் ஸ்கல்பின் ஃப்ளையை ட்ரவுட் கோபி என்று நினைத்தும் கடிக்கலாம். ஒலிவ், மண்ணிறம் இரண்டும் பையில் இருக்கட்டும்.

ஸ்கல்பின் ஃப்ளையின் தலை கட்ட மான்முடி வேண்டுமாம். இங்கே காட்டுப்பக்கம் கேட்டுப் பார்க்கலாமா? (முள்ளியவளை)

வேண்டாம், தயவுசெய்து. மான்கள் சட்டத்தால் காக்கப்பட்டவை. நீங்கள் ஒரு பிடி முடி கேட்டால் அதற்காக ஒரு வெடி வெடிக்கும். தேவையும் இல்லை. 1930-களில் கனடாவின் நிப்பிகன் ஆற்றில் டொன் கேப்பன் ஸ்கல்பின் மாதிரிக் கட்டிய மட்லர் மினோ என்ற ஃப்ளையில் மான்முடித் தலை இருந்தது உண்மை. ஆனால் மான்முடிக்குள்ளே காற்று நிற்கும், ஃப்ளை மிதக்கப் பார்க்கும், அதைத் தாழ்த்த ஈயம் சுற்றவேண்டும். ஆட்டுக் கம்பளி நூலைப் பிரித்துக் கட்டி, கத்தரிக்கோலால் தட்டையாக வெட்டிவிடுங்கள். தண்ணீரைக் குடித்துத் தானாகத் தாழும். செட்டைக்கு ஊர்க்கோழியின் மார்பிறகு. அடைக்கோழி உதிர்க்கும் செம்மண்ணிற இறகு எனக்கு எந்தக் கடை இறகையும்விடப் பிடிக்கும்.

முத்தையன்கட்டுக் குளத்தில் ட்ரவுட் குஞ்சு விட்டால் வளராதா? (வவுனியா)

வளராது. ட்ரவுட்டுக்கு 20 பாகை செல்சியசுக்குக் கீழே ஒட்சிசன் நிறைந்த தண்ணீர் வேண்டும். ஆங்கிலேயர் 1880-களில் நுவரெலியாவுக்குக் கொண்டுவந்ததும் அந்தக் குளிருக்காகத்தான். சித்திரை வெயிலில் நம் குளத்தில் காலை வைத்துப் பாருங்கள், விளங்கும்.

மாரி தொடங்கிவிட்டது. விரால் நல்லாக மேலே தெரிகிறது. இப்போது போகலாமா? (விசுவமடு)

செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே கொதிக்கிறமாதிரித் தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். தாய் தகப்பன் கீழே காவல் நிற்கும். எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பசிக்கு அல்ல, குஞ்சைக் காக்க. அதைத் தூக்கினால் குஞ்சு முழுவதும் மற்ற மீன்களுக்குத்தான். அந்த இடத்தை விட்டு நூறு அடி தள்ளிப் போங்கள்.

போகுமுன் குளத்து மீனவர் சங்கத்தில் ஒரு சொல் கேளுங்கள். குஞ்சு விட்டு வளர்ப்பது அவர்கள். அப்புறம், முதலை உள்ள குளத்தில் முழங்காலளவுத் தண்ணீரிலும் இறங்கவேண்டாம், கட்டில் நின்றே வீசுங்கள். பொழுதுபட முன் யானைப் பாதையை விட்டு வந்துவிடுங்கள்.