ஆறு முதலா, வேலை முதலா?

கேள்வி: நகராட்சி உறுப்பினராகப் புதிதாகத் தேர்வாகியிருக்கிறேன். என் பகுதியில் சாக்கடையாகிப்போன ஓர் ஆறும், கரையில் மூடிக்கிடக்கும் ஆலைகளும் இருக்கின்றன. இளைஞர்களுக்கு வேலை இல்லை. ‘முதலில் வேலை, ஆறு அப்புறம்’ என்கிறார்கள் பலர். கரையில் நடைபாதை, விளக்கு என்று தொடங்கலாமா?

பதில்: நடைபாதையில் தொடங்காதீர்கள். திறப்பு விழாவுக்குத் தோதானது என்பதால்தான் எல்லோரும் அதை முதலில் எடுக்கிறார்கள். நாறும் தண்ணீருக்குப் பக்கத்தில் யார் நடக்க வருவார்கள்?

முதலில் கரையோரமாக நடந்து, எந்தக் குழாய் எங்கே விழுகிறது, யாருடையது என்று பட்டியல் எடுங்கள். மழையில்லாத நாளில் போங்கள். அன்றைக்கும் மழைநீர்க் குழாயில் தண்ணீர் ஓடினால், யாரோ கழிவுநீரை அதில் இணைத்திருக்கக்கூடும். சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தப்படுத்த 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டு கெடு வைத்தபோது, அதிகாரிகள் அழுக்கு புறப்படும் இடங்களைத் தேடிப்போனார்கள்: பன்றி, வாத்துப் பண்ணைகள், கழிவுநீர் இணைப்பில்லாத குடிசைகள், தெருவோர உணவுக்கடைகள். கடைக்காரர்களை விரட்டியதோடு விடாமல், குழாய்நீரும் வடிகாலும் உள்ள உணவுக்கூடங்களில் இடம் கொடுத்தார்கள். 1987இல் வேலை முடிந்தது. சரக்குப் படகுத் தொழில் ஆற்றைவிட்டே போனது என்பதையும் சொல்லவேண்டும். யாருக்கும் வலிக்காமல் இது நடக்காது.

சரி, வேலைக்கு வருவோம். ஆற்றை மீட்பதே பல வருட வேலை: தூர்வாருதல், கரைக்கட்டு, மரம் நடுதல், குழாய் இணைப்பு, பராமரிப்பு. அது உங்கள் பகுதி ஆட்களுக்குக் கிடைக்கிறதா என்பதுதான் விஷயம். நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸ் பகுதியில் சமூக ஆர்வலர் மஜோரா கார்ட்டர் 10,000 டாலர் தொடக்க நிதியோடு, குப்பை கொட்டிக்கிடந்த ஆற்றங்கரையைப் பூங்காவாக்கும் வேலையில் இறங்கினார்; அப்புறம் அவருடைய அமைப்பு அங்குள்ளவர்களுக்கே சூழல் சீரமைப்பு வேலைகளில் பயிற்சி கொடுத்தது. நீங்கள் டெண்டரில் உள்ளூர் ஆட்களுக்கு ஒரு பங்கு என்று நிபந்தனை போட்டால் மட்டும் போதாது. டெண்டருக்கு ஆறு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘தெரிந்த ஆள் கிடைக்கவில்லை’ என்று ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து கூட்டிவந்துவிடுவார், அதில் அவரைக் குறைசொல்லவும் முடியாது.

மூடிய ஆலைகளின் மண்ணைப் பரிசோதிக்காமல் எவருக்கும் கொடுக்காதீர்கள். ஈயம், எண்ணெய், கரைப்பான் எல்லாம் பல ஆண்டுகள் மண்ணில் தங்கும். ஆற்றில் அள்ளும் சேற்றுக்கும் இதே பரிசோதனை வேண்டும்.

தண்ணீர் தெளிவதற்கு முன்பே நிலத்தின் விலை ஏறத் தொடங்கும். இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தென்கொரியத் தலைநகர் சியோலில் மேம்பாலச் சாலையை இடித்து 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சோங்கேச்சோன் ஓடையை 2005இல் திறந்தார்கள். ஊரே கொண்டாடியது, சுற்றிலும் நிலமதிப்பு உயர்ந்தது, அங்கே பிழைத்துவந்த சிறு வியாபாரிகள் பலர் இடம்பெயர்ந்தார்கள். ஆகவே திட்டத்தை அறிவிப்பதற்கு முன்பே, நகராட்சி நிலம் எதையும் விற்பதில்லை, குத்தகைக்கு மட்டும் விடுவது என்று தீர்மானம் போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கணக்கெடுத்துவையுங்கள். அறிவிப்பு வந்தபிறகு எடுத்தால் பட்டியலில் புதுப்பெயர்கள் முளைக்கும்.

இது உங்கள் பதவிக்காலத்தில் முடியாது. ஜெர்மனியில் எம்ஷர் ஆற்றைச் சாக்கடையிலிருந்து மீட்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. 2021 இறுதியில்தான் அதில் கழிவுநீர் விழுவது நின்றது. கரையோர நகரங்களும் ஆலைகளும் உறுப்பினராகிக் கட்டணம் செலுத்தும் ஒரு கூட்டமைப்பு 1899 முதல் இருந்ததால் தேர்தல்கள் வந்துபோனாலும் வேலை நிற்கவில்லை. உங்களுக்கும் பல துறைகள் சேர்ந்த ஓர் அமைப்பும் தனிக் கணக்கும் வேண்டும். சோங்கேச்சோனில் ஓடுவது பெரும்பாலும் பம்ப் வைத்து ஏற்றும் தண்ணீர். அப்படி ஒரு பம்ப் உங்கள் திட்டத்திலும் வந்தால், அதற்கான மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுதவையுங்கள்.