காலேஜ் ப்ராஜெக்டுக்கு ஜூ மிருகங்களோட நடத்தையை ஆராய முடியுமா?

பிஎஸ்சி சுவாலஜி கடைசி வருஷம், லேப் வசதி இல்ல, வண்டலூர் ஜூல ப்ராஜெக்ட் பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா பண்ணலாம். நான் அங்க சிங்கவால் குரங்கை வச்சுதான் பண்ணேன். மிருகத்தைத் தொடவே வேணாம், கெமிக்கல் செலவு கிடையாது, ஒரு வாட்ச்சும் நோட்டும் போதும். எச்ஓடி கையெழுத்தோட ஜூ டைரக்டருக்கு லெட்டர் மட்டும் சீக்கிரமே குடுத்துடுங்க, பர்மிஷன் வர டைம் ஆகும்.

உண்மையான வேலை கூண்டுக்கு முன்னாடி போய் நிக்கறதுக்கு முன்னாலயே இருக்கு. எதையெல்லாம் குறிக்கப்போறோம்னு ஒரு லிஸ்ட் போடணும், எத்தோகிராம்னு சொல்வாங்க. அதுல "சந்தோஷமா இருக்கு", "போரடிச்சு உக்காந்திருக்கு"ன்னெல்லாம் வரவே கூடாது, அது நம்ம நினைப்பு. கன்னப்பைல தீனியை அடைச்சுக்கிட்டு மத்த குரங்குங்க கிட்ட இருந்து தள்ளிப்போய் மேல ஏறி உக்காந்து, புறங்கையால கன்னத்தை அழுத்தி கொஞ்சம் கொஞ்சமா வாய்க்குள்ள கொண்டுவந்து மெல்லும் பாருங்க, அது நடத்தை, யார் நின்னு பார்த்தாலும் அதையேதான் எழுதுவாங்க. எப்படிக் குறிக்கறதுன்னு விலங்கு நடத்தை ஆராய்ச்சியாளர் ஜீன் ஆல்ட்மன் 1974ல எழுதின பேப்பர் இருக்கு, ஒரே மிருகத்தைத் தொடர்ந்து பாக்கறது ஃபோக்கல், குறிப்பிட்ட இடைவெளில கூட்டம் முழுசையும் ஒரு பார்வை பாத்து குறிக்கறது ஸ்கேன், அதைப் படிக்காம ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.

நேரம் ரொம்ப முக்கியம். புலி, சிறுத்தையெல்லாம் தீனி நேரம் நெருங்கும்போது ஒரே தடத்துல திரும்பத் திரும்ப நடக்கும், நீங்க தினமும் அந்த நேரத்துக்கே போனா நாள் பூரா அப்படித்தான் நடக்குதுன்னு ரிப்போர்ட் வந்துடும். இன்னொன்னு, ஒரே புலியை முந்நூறு தடவை குறிச்சாலும் சாம்பிள் ஒன்னுதான், அதை வச்சு "புலிகள் இப்படி"ன்னு எழுத முடியாது.

டாபிக் கேட்டா பார்வையாளர் கூட்டத்தைத்தான் சொல்வேன். நம்ம நாட்டு ஜூக்கள்ல இருக்கற சிங்கவால் குரங்குங்களைப் பார்த்து அவந்தி மல்லாப்பூர் குழு 2005ல வெளியிட்டிருக்காங்க, ஜனங்க இருக்கும்போது இயல்பில்லாத நடத்தை கூடுதுன்னு. வண்டலூருக்கு செவ்வாய்க்கிழமை லீவு, அன்னைக்கு உள்ள போக அனுமதி கிடைச்சா அதே குரங்கு, அதே கூண்டு, கூட்டம் மட்டும் இல்ல, ஞாயித்துக்கிழமையோட ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. தீனி, கிளீனிங் நேரம் மட்டும் ரெண்டு நாளும் ஒன்னா இருக்கான்னு கீப்பர் அண்ணன்கிட்ட கேட்டுக்கோங்க, எந்தக் குரங்கு எதுன்னு அடையாளம் காட்டறதும் அவங்கதான். முடிச்சதும் ரிப்போர்ட் ஒரு காப்பி ஜூ ஆபீஸ்ல குடுங்க, அடுத்த வருஷம் வர்ற பசங்களுக்கும் கதவு திறந்திருக்கும்.