கேம்ப்பெல்லிடம் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: கிம் கேம்ப்பெல் என்ற அமெரிக்கப் போர் விமானியின் லீடர்ஷிப் பேச்சை எங்கள் ஆபீசில் எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். அடிபட்ட விமானத்தைத் தரையிறக்கியவர் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு என்ன சொல்லித்தர முடியும்? பெண் என்பதால்தானே இவ்வளவு கைதட்டல்?
– வாசகர், கோவை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் போர் விமானங்களின் கதவு பெண்களுக்குத் திறந்ததே 1993 ஏப்ரலில்தான். கேம்ப்பெல் விமானப்படை அகாடமியை முடித்தது 1997-இல். ஏ-10 விமானத்தில் நூறு தடவைக்கு மேல் போருக்குப் பறந்தவர், கர்னலாக ஓய்வுபெற்றவர். கைதட்டல் இந்தக் கணக்குக்கு.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2003 ஏப்ரல் 7, பாக்தாத். டைக்ரிஸ் ஆற்றுப் பாலத்தருகே எதிரியிடம் மாட்டிக்கொண்ட தரைப்படைக்கு உதவிவிட்டுத் திரும்பும்போது அவருடைய விமானத்தின் பின்பகுதியில் அடி விழுந்தது. ஏ-10-இல் எண்ணெய் அழுத்தத்தால் விமானத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் இடம், வலம் என்று இரண்டு உண்டு. ஒன்று போனால் மற்றது தாங்கும். அன்று இரண்டும் போயின. விமானம் இடப்பக்கம் சாய்ந்து மூக்கு கவிழ்ந்து ஊரை நோக்கி இறங்கியது. விமானத்தை ஓட்டும் கைப்பிடியான ஸ்டிக்கை இழுத்தால் விமானத்தில் அசைவில்லை. குதித்தால், சற்றுமுன் யார்மேல் சுட்டாரோ அவர்கள் கையில்தான் போய் விழ வேண்டும்.

அவர் செய்தது ஒரு சுவிட்சைத் தட்டியது. ஹைட்ராலிக்கைக் கழற்றிவிட்டு, ஸ்டிக்கின் அசைவை எஃகுக் கேபிள்கள் வழியாகவே கொண்டுபோகும் மாற்று ஏற்பாடு அது. விமானம் கைக்கு வந்தது, ஆனால் பவர் ஸ்டியரிங் செத்த லாரி மாதிரி. ஒவ்வொரு திருப்பத்துக்கும் தோள்பலம் வேண்டும், பதிலும் தாமதமாக வரும். அப்படியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓட்டிக் குவைத் எல்லைக்குள் வந்தார்.

என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். நட்பு நாட்டின் வானத்துக்கு வந்தாயிற்று, இனி பாராசூட்டில் குதிக்கலாம். தரையிறங்குவதுதான் பெரிய ஆபத்து. 1991 வளைகுடாப் போரில் இதே கேபிள் முறையில் இறங்கப்போன ஒரு விமானி உயிரிழந்திருக்கிறார். கேம்ப்பெல் இதயத்தைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. கூடப் பறந்த லீட் விமானி வெளியிலிருந்து சேதத்தைப் பார்த்துச் சொல்ல, இருவரும் செக்லிஸ்டை வரிவரியாகப் பார்த்தார்கள். மெதுவாக இறங்க உதவும் இறக்கைத் தகடான ஃபிளாப் கிடையாது, காற்றைத் தடுத்து வேகம் குறைக்கும் ஸ்பீடு பிரேக் கிடையாது, முன்சக்கரத்தைத் திருப்பவும் வழியில்லை. சக்கரங்களைப் பூட்டு விடுவித்துத் தம் எடையிலேயே விழவிட வேண்டும். ஏ-10-இன் சக்கரங்கள் முன்பக்கமாக மடிபவை, ஆகவே எதிர்க்காற்றே அவற்றைப் பின்னுக்குத் தள்ளி நிலைக்கு வரவைக்கும். நிறுத்துவதற்கு அவசர பிரேக்கில் சேமித்த அழுத்தம் மட்டுமே. காற்று, ஓடுபாதை, விமானம் சொல்பேச்சு கேட்கிறதா என்பதையெல்லாம் பார்த்த பிறகே இறங்குவது என்று தீர்மானித்தார். இறங்கிய பின் பார்த்தால் உடற்பகுதியிலும் வாலிலும் நூற்றுக்கணக்கான ஓட்டைகள்.

இதில் துணிச்சல் இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அதைப் பேச்சால் இன்னொருவருக்கு ஏற்ற முடியாது. எந்த நிலையில் எந்த சுவிட்ச் என்று முன்பே முடிவாகியிருந்தது. முதலில் விமானத்தைப் பறக்கவிடு, பிறகு திசையைப் பார், அதற்குப் பிறகு ரேடியோவில் பேசு என்ற வரிசை ரத்தத்தில் ஊறியிருந்தது. உங்கள் ஆபீஸில் சர்வர் படுத்தால் என்ன நடக்கிறது? முதல் பத்து நிமிஷம் எல்லோரும் போனில் இருக்கிறார்கள், சர்வரை யாரும் பார்ப்பதில்லை. அவரிடம் கற்க வேண்டியது அந்த வரிசையை.

இரண்டாவது, டிப்ரீஃப். போர் விமானிகள் ஒவ்வொரு பறப்புக்கும் பிறகு பதிவுகளைப் போட்டுப் பார்த்து, திட்டம் என்ன, நடந்தது என்ன, ஏன் மாறியது என்று அலசுவார்கள். அந்த அறைக்குள் பதவிக்கு மரியாதை கிடையாது. வழிநடத்தியவரே தன் தவறை முதலில் சொல்வார். நம் ஊர்க் கூட்டங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். மேலாளர் "யார் தப்பு?" என்று தொடங்குகிறார், கடைசி வரிசையில் விஷயம் தெரிந்த பையன் வாயை மூடிக்கொள்கிறான்.

அடுத்த முறை பேச்சைப் போட்டுக் காட்டினால், அது முடிந்ததும் டீ குடிக்கப் போகாமல் முக்கால் மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கடைசியாகத் தாமதமான ஒரே ஒரு ஆர்டரை எடுத்து அலசுங்கள். அதற்கு முன் மேலாளர் தன் பிழை ஒன்றையாவது சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்றால் கூட்டத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவையுங்கள்.