'மேரி' என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி: அமெரிக்காவில் கு கிளக்ஸ் கிளான் போன்ற வெள்ளை நிறவெறிக் கும்பல்கள் இன்று முகமூடி மாட்டிய ஒரு சில பைத்தியங்களாகச் சுருங்கிவிட்டன. அப்புறமும் பெட்டியில் வயதான கறுப்பர் படம் போட்ட 'அங்கிள் பென்' அரிசியின் பெயரை 2020-ல் மாற்ற வைத்தது, அந்தச் சொல் தப்பு, இந்தச் சொல் தப்பு என்று கிளம்புவது கொஞ்சம் ஓவர் இல்லையா?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: பைத்தியங்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதிதான். ஆனால் 1925 ஆகஸ்டில் 30,000 பேருக்கு மேல் கிளான் அங்கியோடு வாஷிங்டன் வீதியில் ஊர்வலம் போனார்கள். முகத்தை மூடவில்லை, மூட வேண்டிய அவசியமே அன்றைக்கு இல்லை. பாதிரியார், வக்கீல், கடைக்காரர் எல்லாரும் கிளானில் இருந்த காலம் அது. அலபாமாவில் 1923-ல் கிளானில் சேர்ந்த ஹியூகோ பிளாக் என்ற வக்கீல், பிறகு செனட்டராகி, 1937-ல் உச்ச நீதிமன்ற நீதிபதியே ஆனார். (பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பில் அவரும் சேர்ந்துகொண்டார் என்பது வேறு கதை.)

சரி, 'அங்கிள்' விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரை அங்கிள் என்றால் மரியாதை. அமெரிக்கத் தெற்கில் அது மரியாதை கொடுக்காமல் நழுவ ஒரு வழி. கறுப்பர் என்றால் நாற்பது வயதிலும் 'பாய்', அதாவது பையன். தலை நரைத்ததும் 'அங்கிள்'. வயதான பெண் என்றால் 'ஆன்ட்டி'. 'மிஸ்டர்', 'மிஸஸ்' என்ற நாற்காலியை மட்டும் சாகும்வரை அவர்களுக்குப் போட மாட்டார்கள்.

1963, அலபாமாவில் காட்ஸ்டன் நகர நீதிமன்றம். சிவில் உரிமைப் போராட்டக்காரரான மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். அரசு வக்கீல் 'மேரி' என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார். முறையாக அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்கிறார் அந்தப் பெண். 'மிஸ் ஹாமில்டன்', அவ்வளவுதான் அவர் கேட்டது. நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறை, 50 டாலர் அபராதம்! 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது ரத்தானது. அந்த அறையில் யாரும் முகமூடி மாட்டியிருக்கவில்லை. ஓவராகப் போனது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

'பிளாக்லிஸ்ட்' (கறுப்புப் பட்டியல்) மாதிரிச் சொற்களைக் கம்ப்யூட்டர்காரர்கள் மாற்றுகிறார்களே என்றால், மாற்றட்டும். அதில் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. என் கவலை எல்லாம் விளிக்கும் சொல்லைப் பற்றித்தான்.

இதில் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் முனுசாமிகளும் கோவிந்தசாமிகளும் ஏராளம். வெள்ளையர்கள் வாலை மட்டும் வெட்டி எடுத்து, இந்தியர் எல்லாருக்கும் 'சாமி' என்று பெயர் வைத்தார்கள், வசவாக. இன்னொரு வசவு 'கூலி'. காந்தியே அங்கே 'கூலி பாரிஸ்டர்'தான். துணிச்சல் உள்ள சிலர் திருப்பிக் கேட்டார்களாம்: "சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம். நான் உங்கள் எஜமான் இல்லையே?" அதைக் கேட்டு நெளிந்த வெள்ளையரும் உண்டு, அடிக்கக் கை ஓங்கியவர்களும் உண்டு என்று காந்தி எழுதியிருக்கிறார்.