மருத்துவப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் மகளின் வெள்ள அறிக்கையும் கிடைத்தன. புவியியலில் பட்டம் வாங்கப்போகிறாள், "இதை வைத்து என்ன செய்வாள்?" என்று பெரியப்பா விடாமல் கேட்கிறார், வீட்டை அடமானம் வைத்தாவது சீனாவில் மருத்துவம் படிக்க வைக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பினால், இங்கே மருத்துவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான எச்.பி.சி.எஸ்.ஏ.வின் தேர்வு எழுத வேண்டும். அப்புறம் பயிற்சி மருத்துவர் காலம், ஓராண்டு கட்டாயச் சமூகச் சேவை. மருத்துவத்தில் துளியும் ஆசையில்லை என்று நீங்களே எழுதிய பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு? பெருமை பெரியப்பாவுக்கு, கடன் உங்களுக்கு.

ஆசிரியர் வேலை, மாநகராட்சி வேலை எல்லாம் உங்களுக்கே தெரியும். உறவினர் யாரும் சொல்லாதது ஒன்று உண்டு: மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு நாலாவது வருடமாக ஆனர்ஸ் படித்து, அதில் எழுதும் ஆய்வேட்டை ஆய்விதழ் கட்டுரையாக்குவது. முதுகலைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும்போது அது அவளுக்காகப் பேசும். அங்கீகாரம் பெற்ற இதழில் வரும் கட்டுரைக்காகப் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் தருகிறது. ஆகவே நெறியாளருக்கும் அக்கறை இருக்கும்.

அவள் அறிக்கை "வெள்ளம் உலகம் முழுவதும் பெரும் பிரச்சினை" என்று தொடங்குகிறது. அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவும் பலர் எழுதிவிட்டதுதான். மூன்றாம் பக்கத்தில், அன்று தண்ணீர் எந்தெந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது என்று தெருத்தெருவாகக் கேட்டு அளந்து குறித்திருக்கிறாளே, கட்டுரை அங்கே இருக்கிறது. வரைபடத்தில் வெள்ளக்கோட்டுக்கு, அதாவது வெள்ளம் எட்டக்கூடும் என்று குறித்த எல்லைக்கு, வெளியே இருக்கும் வீடுகளுக்குள் ஏன் தண்ணீர் வந்தது? இந்த ஒரு கேள்வி போதும். முந்தைய ஆய்வுகளை ஒவ்வொன்றாகச் சுருக்கிச் சொல்லாமல், அவை எதைக் கேட்காமல் விட்டன என்று காட்டட்டும். எப்படி அளந்தாள் என்பதை, இன்னொருவர் போய் அதே சுவரை அளக்கும் அளவுக்கு விவரமாக எழுதட்டும். வரைபடத்தில் அளவுகோல், வடதிசை, தரவு எந்த ஆண்டுடையது, யாருடையது எல்லாம் வேண்டும். அவள் போட்டிருப்பதில் கடைசி இரண்டும் இல்லை. ஆய்வுச்சுருக்கத்தைக் கடைசியில் எழுதினால் போதும்.

எங்கே அனுப்புவது? 1917 முதல் வரும் புவியியல் ஆய்விதழான சவுத் ஆப்பிரிக்கன் ஜியோகிராஃபிக்கல் ஜர்னலின் சமீபத்திய இதழ்களை முதலில் படிக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். மதிப்பீட்டாளர்கள் கடுமையாகத்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பொறுமையாகப் பதில் தர வேண்டும். நிராகரித்தால் திருத்தி வேறு இதழுக்கு அனுப்பலாம். மூத்த பேராசிரியர்களுக்கும் இது நடப்பதுதான்.

பணம் விஷயத்தில் கறாராக இருங்கள். "ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணம் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். நல்ல இதழ்களிலும் சில கட்டணம் கேட்கும். அப்போது பல்கலைக்கழக நூலகத்தில் கேட்காமல் எதற்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆனர்ஸ் படிப்புக்கு தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் (என்.ஆர்.எஃப்.) உதவித்தொகை இருக்கிறது, மதிப்பெண்ணையும் குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். கடைசித் தேதியை இந்த வாரமே துறை அலுவலகத்தில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள், அம்மா. மகளை அனுப்பாதீர்கள்.