பக்கத்து வீட்டுப் பாட்டியின் கஷாயப் பொட்டலம்

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எங்கள் ஷிட்சூ நாய் பஞ்சுவுக்கு நான்கு வயது, எடை 6 கிலோ. எட்டு மாதமாக ஓயாமல் காதைச் சொறிகிறது. பாதங்களை நக்கி நக்கி வெள்ளை முடி செம்பட்டையாகிவிட்டது. மருத்துவர் தந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் அடங்குகிறது. அளவைக் குறைத்தால் மறுபடி தொடங்குகிறது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, தம் பேரனின் அரிப்பைத் தீர்த்த ‘சியாவ் ஃபெங் சான்’ கஷாயப் பொட்டலத்தை வாங்கித் தந்திருக்கிறார். மூலிகைதானே, கெடுதல் இல்லை என்கிறார். பஞ்சுவுக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, சிங்கப்பூர்

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்து வையுங்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பாட்டி தந்தது பெயர் பெற்ற மருந்து. சீனாவின் மிங் அரசமரபுக் காலத்து மருத்துவர் சென் ஷிகோங் 1617இல் எழுதிய நூலில் உள்ள கூட்டு அது. ‘காற்றை விரட்டும் தூள்’ என்று பொருள். ஓரிடத்தில் நில்லாமல் உடம்பெங்கும் அலையும் அரிப்பைச் சீன மருத்துவர்கள் காற்று என்கிறார்கள். வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பேச்சு அந்நியமில்லை. எள், அதிமதுரம், ஜிப்சம் கல், சிள்வண்டு உரித்துப்போட்ட சட்டை என்று மொத்தம் பதின்மூன்று சரக்குகள்.

அவற்றில் ‘மு தோங்’ என்ற கொடித்தண்டுதான் எனக்குக் கவலை. இந்தப் பெயரில் வெவ்வேறு கொடிகள் விற்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகை இருக்க வேண்டிய இடத்தில் இதே அமிலமுள்ள, பெயர் ஒத்த இன்னொன்று கலந்துவிட்டதுதான் காரணம். அபாயமான மு தோங் வகையைச் சீன அரசே 2003இல் விலக்கிவிட்டது. பொறுப்பான கடைகளில் இன்று அது இருக்காது. ஆனால் பொட்டலத்தில் கிடக்கும் காய்ந்த துண்டைப் பார்த்து எந்தக் கொடி என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அடுத்தது அதிமதுரம். தொண்டைக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதே சரக்குதான். தொடர்ந்து உள்ளே போனால் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். பிரெட்னிசோலோனும் அந்தப் பக்கமே இழுக்கக்கூடியது. 6 கிலோ உடம்பில் இரண்டையும் சேர்க்காதீர்கள். கஷாயத்தை நம்பி மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பாட்டி களிம்பு ஏதாவது தந்தாலும் தடவ வேண்டாம். 1999இல் லண்டன் மருத்துவர்கள் சீன மூலிகைக் களிம்புகள் பதினொன்றைச் சோதித்தபோது எட்டில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. சீட்டில் அதன் பெயரே இல்லை. நாய் களிம்பை நக்கி விழுங்கவும் செய்யும்.

சீன மூலிகைக்கு நாயின் அரிப்பில் வேலையே இல்லையா? இருக்கிறது. சீனக் கிழங்கான ரெஹ்மேனியா, வெள்ளைப் பியோனி வேர், அதிமதுரம் ஆகிய மூன்றின் சாற்றை ஒவ்வாமை அரிப்புள்ள 120 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தந்த, மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து தின்ற நாய்களைவிட மூலிகை தின்றவற்றில் கூடுதலானவை தேறின. எல்லாம் தேறவில்லை, சிலவற்றுக்கு வயிறு இளகியது. அங்கே சரக்கும் தெரியும், அளவும் தெரியும், அந்த நாய்களின் நோயும் தெரியும். உங்கள் கையிலிருக்கும் பொட்டலத்தில் இந்த மூன்றுமே தெரியாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பஞ்சுவுக்கு ஏன் அரிக்கிறது? எட்டு மாதமாக அரிப்பை அடக்கியிருக்கிறார்கள். காரணத்தைத் தேடியதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

இன்று மாலையே ஒன்று செய்யுங்கள். வெள்ளைக் காகிதத்தை நனைத்து விரித்து, அதன் மேல் பஞ்சுவை நிறுத்தி, நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாலடியிலிருந்து முதுகு வரை வாருங்கள். மிளகுத்தூள் போல் கறுப்பாக விழுவதை விரலால் தேயுங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். துரு நிறத்தில் கசிந்து பரவினால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, பஞ்சுவின் ரத்தம். ஒவ்வாமையுள்ள நாய்க்கு ஒன்றிரண்டு தெள்ளின் கடியே போதும், நாள் முழுக்கச் சொறியும்.

உங்கள் முன்கையையும் பாருங்கள். ஒரு குடும்பம் என்னிடம் நாயைக் கொண்டுவந்தபோது, பேசிக்கொண்டே அந்த அம்மா தம் மணிக்கட்டைச் சொறிந்தார். நாயின் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தேன். சொறியை உண்டாக்கி, மனிதருக்கும் ஒட்டிக்கொள்ளும் நுண்பூச்சி கால்களை அசைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு அவர்கள் மூன்று மாதம் எண்ணெய் தேய்த்திருந்தார்கள்.

பஞ்சுவின் அறிகுறிகள் பாதம், காது என்பதால் தூசிப்பூச்சி ஒவ்வாமையோ உணவு ஒவ்வாமையோ இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஷிட்சூ அதற்கு வாகான இனம். ஓயாமல் ஈரமாகும் விரலிடுக்கில் ஈஸ்ட் என்ற பூஞ்சையும் வளர்ந்திருக்கும்; ஒட்டுநாடாவால் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். உணவா என்றறிய, அது இதுவரை தின்றிராத ஒரே வகை இறைச்சி உணவை எட்டு வாரம் கொடுக்க வேண்டும். இடையில் யாராவது பாசத்தோடு நீட்டும் ஒரு துண்டு பிஸ்கட்டும் கணக்கைக் கெடுத்துவிடும். வீட்டில் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தூசி ஒவ்வாமைதான் என்றானால், நாட்பட ஸ்டீராய்டு தின்று தண்ணீராகக் குடித்து வயிறு தொங்கிப்போக வேண்டியதில்லை. ஸ்டீராய்டு அல்லாத அரிப்பு மருந்துகளான ஓக்லாசிட்டினிப் மாத்திரை, மாதம் ஒருமுறை போடும் லோகிவெட்மாப் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மூலிகையில் மனம் இருந்தால், சீன மருத்துவமும் கற்ற கால்நடை மருத்துவர்கள் சிங்கப்பூரிலேயே இருக்கிறார்கள். பாட்டியின் பொட்டலத்தைச் சீட்டோடு அவரிடம் எடுத்துப் போங்கள். பாட்டியும் உடன் வரச் சம்மதித்தால் நல்லது. சீட்டிலுள்ள சீன எழுத்தைப் படித்து, கடைக்காரர் என்ன சொல்லித் தந்தார் என்பதை அவரே விளக்கலாம்.

அதுவரை ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாதங்களை வெறும் தண்ணீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போக ஒற்றி எடுங்கள்.