‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பலாமா?

உங்கள் அம்மாவுக்கு, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். கொழுப்பு 150 என்று வந்திருக்கிறது. கொடைக்கானல் சுற்றுலாவில் வாங்கிய பூண்டு மாத்திரையின் அட்டையில் ‘கொழுப்பைக் குறைப்பது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறது. இத்தகைய ஆய்வுகளை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொடைக்கானலில் மருந்துக்கடை நடத்துகிறேன். சத்து மாத்திரைகள் என் கடையிலும் விற்கின்றன என்பதை மனத்தில் வைத்தே இதைப் படியுங்கள்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டு எந்த மண்ணில் விளைந்தது, அதற்குரிய தன்மை என்ன என்பதற்குத்தான் அது சான்றே தவிர, தின்றால் கொழுப்பு குறையும் என்பதற்கு அன்று. இங்குள்ள சில கடைகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்கிறார்கள்.

ஓர் ஆய்வைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, ஆய்வாளர்கள் மக்களின் உணவுப் பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்களா, அல்லது குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு மட்டும் அந்தப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார்களா என்பதைத்தான். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை எங்கள் மேல்மலைக் கிராமங்களில் விளையும் கேரட்டை வைத்தே சொல்லலாம். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்ற சத்து நிறைந்த காய்கனிகளை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று முதல் வகை ஆய்வுகள் பல கூறின. ஆனால் காய்கனி அதிகம் உண்பவர் பெரும்பாலும் புகையைக் குறைவாகப் பிடிப்பவராகவும், உடம்பைப் பேணுபவராகவும், கையில் ஓரளவு காசு உள்ளவராகவும் இருப்பார் என்பதால், நன்மை எதிலிருந்து வந்தது என்பதை அந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் வெளியான முடிவில், மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்து நடந்த இன்னோர் ஆய்வு, பயனில்லை, தீங்கு இருக்கலாம் என்று தெரிந்ததும் 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இதற்காக யாரும் கேரட்டைக் கைவிட வேண்டியதில்லை. உணவாக உண்பவரிடம் காணும் நன்மை, அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை மாத்திரையாக விழுங்குபவருக்கும் வரும் என்று கொள்ள இடமில்லை, அவ்வளவுதான்.

அந்த 18 சதவீதத்தையும் பிரித்துப் பாருங்கள். பத்தாயிரம் பேரில் ஓராண்டில் ஏறத்தாழ 47 பேருக்கு வந்த நோய் 56 பேருக்கு வந்தது என்பதே அதன் பொருள். விளம்பரங்களும் இதே கணக்கைத் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பிச் சொல்பவைதாம். ‘பாதியாகக் குறைந்தது’ என்றால், எத்தனை பேரிலிருந்து எத்தனை பேராக என்று கேளுங்கள்.

இனி உங்கள் பூண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் அம்மாவின் நிலைக்கு அருகில் வருகிறது. எல்.டி.எல். 130 முதல் 190 வரை இருந்த 192 பேரை நான்கு பிரிவாக்கி, பச்சைப் பூண்டு, இருவகைப் பூண்டு மாத்திரைகள், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மாத்திரை என்று வாரத்தில் ஆறு நாள் வீதம் ஆறு மாதம் கொடுத்தும், எல்.டி.எல்.-இல் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. மறுபுறம், 39 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை, கொழுப்பு கூடுதலாக உள்ளவர்களுக்கு மொத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு 17 மில்லிகிராம் (உங்கள் அம்மாவின் 150-உம் இதே அலகில்தான்) அளவுக்கும், எல்.டி.எல். அதில் பாதியளவுக்கும் குறைவதாகச் சொல்கிறது. தொகுப்பு என்பதால் அதுவே உயர்ந்தது என்று நான் எண்ணுவதில்லை. நல்ல முடிவு கிடைத்த சிறிய ஆய்வுகள் எளிதில் அச்சேறுகின்றன; கிடைக்காதவை மேசை இழுப்பறையிலேயே கிடந்துவிடுகின்றன. மிஞ்சியதைத் தொகுத்தால் விடை நல்லதாகத்தான் வரும்.

அதனால்தான் முன்பதிவுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். எதை அளக்கப் போகிறோம் என்று தொடங்கும் முன்பே பதிவு செய்துவிட்டால், பின்னர் இருபது அளவீடுகளில் தற்செயலாக நன்றாக வந்த ஒன்றை எடுத்துக் காட்ட வழியில்லை. அமெரிக்க அரசின் இதய நிறுவனம் நிதியளித்த மருந்து, சத்து மாத்திரை ஆய்வுகளில், முன்பதிவு நடைமுறைக்கு வந்த 2000-ஆம் ஆண்டுக்கு முன் வெளியான 30-இல் 17 பயன் உண்டு என்றன. அதன்பின் வெளியான 25-இல் அப்படிச் சொன்னவை இரண்டே. நிதி கொடுத்தது யார் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நிறுவனம் பணம் கொடுத்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஓர் ஆய்வைத் தள்ளிவிடுவதை நான் ஏற்பதில்லை.

இந்தியாவில் புதிய மருத்துவ ஆய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம்; அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அட்டையில் உள்ள மாத்திரையின் பெயரைத் தேடி, எத்தனை பேர், எத்தனை மாதம், முதன்மையாக எதை அளப்பதாகச் சொன்னார்கள் என்று பாருங்கள். ஆய்வின் பெயரோ ஆண்டோ அட்டையில் இல்லையென்றால், தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். விடை வரும்வரை அந்த வாசகத்தை விளம்பரமாகவே கொள்ளுங்கள்.

150 என்ற எண்ணுக்கு மருந்து வேண்டுமா என்பதை வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும். அம்மா இரத்தம் உறையாமல் இருக்க ஏதேனும் மாத்திரை உட்கொள்பவராக இருந்தால், பூண்டு மாத்திரை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம். குழம்பில் போடும் பூண்டுக்கு இந்தத் தடையில்லை.